ஸ்லோ ஸ்க்ரூவில் கைவைக்கும் முன்

பழைய கார் புதிதாக வாங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

அம்பாசிடரும் பத்மினியும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் வைத்திருக்கும் உங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் பரவுகிறது. வண்டி ஸ்லோவில் (ஐட்லிங்கில்) நிற்காமல் இரைந்தாலோ, சிக்னலில் ஏறி இறங்கித் தடுமாறினாலோ, கார்பரேட்டர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறீர்கள். ஒரு அடாப்டர் தகட்டை வைத்து மாருதி கார்பரேட்டரைப் பொருத்துகிறீர்கள். கழற்றிய எஸ்.யூ., சோலெக்ஸ் கார்பரேட்டர்கள் பழைய இரும்போடு எடைக்குப் போகின்றன. மாற்றிய பிறகும் பல வண்டிகள் அதே மாதிரி இரைகின்றன, ஏனென்றால் கோளாறு கார்பரேட்டரில் இல்லை. இந்தக் கூத்தைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஸ்லோ ஸ்க்ரூ என்பது கடைசியாகத் தொட வேண்டிய ஸ்க்ரூ. நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் திருகுகிறோம்.

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை முடிவு செய்வது காற்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் நாம் திறப்பது காற்றின் வழியை. பெட்ரோல் அதன் பின்னால் வருகிறது. காலை எடுத்ததும் கார்பரேட்டருக்குள் இருக்கும் பட்டர்ஃபிளை தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் தட்டுக்குக் கீழே மேனிஃபோல்டில் பலமான வாக்குவம் உண்டாகும். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது வாக்குவம் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். அவ்வளவு இழுவை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும் சந்து கிடைத்தாலும் காற்று புகுந்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், தெரியும்.

ஆக, காலே படாமல் எஞ்சின் 1500 சுற்றில் ஓடுகிறது என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. வேண்டாத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. அல்லது தீப்பொறி சீக்கிரமாக விழுந்து, உள்ளே போகும் அளவான காற்றிலிருந்தே கூடுதல் வேகம் கிளம்புகிறது. பெரும்பாலும் முதலாவது. பல வண்டிகளில் இரண்டும்.

ஒரு கேள்வி வரும்: காற்று மட்டும் கசிந்தால் கலவை மெலிந்து எஞ்சின் திணறத்தானே வேண்டும், ஏன் இரைகிறது? சரிதான், கசிவு தொடங்கும்போது வண்டி திணறத்தான் செய்யும், அணைந்தும் போகும். அப்போது யாரோ ஒருவர் பெட்ரோலைக் கூட்டி வைப்பார். காற்றும் கூடுதல், பெட்ரோலும் கூடுதல் என்று ஆனபின் வண்டி இரையத் தொடங்கும். அடுத்து வருபவர் ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைப்பார். நீங்கள் வாங்கும் வண்டி இப்படிப் பல கைகளைக் கடந்து வந்தது. அதில் எந்த ஸ்க்ரூவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

முதலில் ஸ்பானரை எடுக்காமல் காது கொடுங்கள். வேகம் எப்போதும் ஒரே சீராக அதிகமா? ஸ்லோ ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் இறங்கவில்லையா? அப்படியானால் பட்டர்ஃபிளை மூடவில்லை, அல்லது அதைச் சுற்றிக்கொண்டு காற்று வருகிறது. ஒரு தடவை ரேஸ் கொடுத்துவிட்டால் வேகம் அங்கேயே தொங்கி, மெதுவாக மனம் வந்து இறங்குகிறதா? கலவை மெலிந்திருக்கலாம், டெல்கோவில் (டிஸ்ட்ரிபியூட்டரில்) ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சீரான தாளத்தில் ஏறி ஏறி இறங்குகிறதா? புகைக்குழாயைப் பாருங்கள், கறுப்பாகப் புகைந்தால் பெட்ரோல் அதிகம், புகையே இல்லாமல் தடுமாறினால் பெட்ரோல் போதவில்லை. வளைவில் திரும்பும்போதோ கிளட்சை விடும்போதோ மட்டும் இரைகிறதா? எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்து, எஞ்சின் சாயும்போது ஆக்சிலேட்டர் இணைப்பை இழுக்கிறது. பிரேக்கை மிதித்தால் வேகம் மாறுகிறதா? பூஸ்டர் வைத்த வண்டியானால் அதன் டயாஃபிரமையோ ஹோஸையோ சந்தேகப்படுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் மெக்கானிக்கிடம் போய் ‘ஸ்லோ நிக்கல அண்ணே’ என்று மட்டும் சொன்னால், அவரும் ஸ்க்ரூவைத்தான் திருகுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வாசலில் இன்னும் நாலு வண்டி நிற்கும்.

அடுத்து, காசு செலவில்லாத சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டர் கேபிளையோ ராடையோ கார்பரேட்டரிலிருந்து கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்லோ சரியாகிவிட்டால் கார்பரேட்டர் குற்றவாளி இல்லை. பெடலுக்குக் கீழே மடிந்து கிடக்கும் தரைவிரிப்பு, துருவேறிய கேபிள், எண்ணெய் காணாத மூட்டு, இழுவை போன ஸ்பிரிங் என்று பாருங்கள். அசல் ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்று கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். பலம் அதிகமான ஸ்பிரிங்கும் கெடுதல்தான். ஸ்பிண்டிலை ஒரே பக்கம் இழுத்து இழுத்து அதன் துளையைத் தேய்த்துவிடும்.

அங்கேயே நின்று சோக்கையும் பாருங்கள். எஸ்.யூ.வில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஒன்று ஸ்லோவுக்கு. இன்னொன்று சோக்கை இழுக்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டிக் கொடுப்பதற்கு. சோக்கை முழுக்க உள்ளே தள்ளிய பிறகு இந்த இரண்டாவது ஸ்க்ரூவுக்கும் அதன் கேமுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். முக்கால்வாசி வண்டிகளில் அது கேமின் மேல் உட்கார்ந்திருக்கிறது. யாரோ தவறான ஸ்க்ரூவில் ஸ்லோ வைத்திருக்கிறார்கள். பத்மினி, ஹெரால்டுகளில் பார்க்கும் சோலெக்ஸ்களில் பலவற்றில் சோக் என்பது காற்றை மறிக்கும் தட்டு அல்ல. பக்கவாட்டில் தனியாக ஒரு சின்ன ஸ்டார்ட்டர் பகுதி இருக்கும், அதற்குள் ஒரு வட்டு சுழன்று வழியைத் திறக்கும், மூடும். சோக் கேபிள் இறுகி அந்த வட்டு முழுக்க மூடாமல் போனால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி இரையும். கேபிளை ஒரு நூல் தளர்த்தினால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

இனி காற்றுக் கசிவு. பட்டறை மொழியில் ‘ஏர் இழுக்குது’. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள பேக்கிங், மேனிஃபோல்டுக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பேக்கிங், பூஸ்டர் ஹோஸ், டெல்கோவுக்குப் போகும் மெல்லிய குழாய், ஒரு காலத்தில் ஏசிக்கோ கேஸ் கிட்டுக்கோ துளையிட்டுவிட்டுப் பிறகு ஒழுங்காக அடைக்காத இடம். டாக்ஸியாக ஓடி, கேஸ் கிட்டைக் கழற்றிவிட்டு விற்பனைக்கு வந்த அம்பாசிடரில் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் தேடுவேன். கார்பரேட்டருக்கு அடியில் ஒரு வளையமும் இரண்டு பேக்கிங்கும் அனாதையாக மிச்சம் இருக்கும்.

1489 சிசி அம்பாசிடர் எஞ்சினில் தனியாகச் சொல்லவேண்டிய இடம் ஒன்று உண்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் பரம்பரையிலிருந்து வந்த இந்த பி.எம்.சி எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். இரண்டையும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க நடுவில் பொதுவான ஸ்டட்கள் உண்டு; ஒரு தடித்த வாஷர் பாதி இதன் மேலும் பாதி அதன் மேலும் உட்காரும். இரண்டு மேனிஃபோல்டின் விளிம்பும் ஒரே கனத்தில் இருந்தால்தான் வாஷர் சமமாக அழுத்தும். ஒன்றை மாற்றி வேறு வண்டியிலிருந்து எடுத்ததைப் போட்டாலோ, ஒன்றை மட்டும் லேத்தில் முகம் பிடித்தாலோ, வாஷர் தடித்த பக்கத்தில் ஊன்றிக்கொண்டு மெலிந்த பக்கத்தை விட்டுவிடும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. புதுப் பேக்கிங் மூன்று மாதம் தாங்காது. இரண்டு மேனிஃபோல்டையும் ஒன்றாக வைத்து முகம் பிடிப்பதும், விளிம்புகளின் கனத்தைச் சமப்படுத்துவதும்தான் வழி.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? மேனிஃபோல்டைச் சுற்றிப் பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ தெளித்து, வேகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். வேலை செய்யும் முறைதான். ஆனால் அதற்குக் கீழேயே பழுக்கக் காய்ந்த புகை மேனிஃபோல்டு இருக்கிறது; இரண்டும் ஒரே பக்கம் என்று இப்போதுதானே சொன்னேன்? ஊதுபத்தியை நீட்டிப் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் நெருப்பு எதற்கு? எஞ்சின் அதிகம் சூடேறும் முன், துணிக்கு இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒவ்வொரு சந்திலும் பனிபோல் மெல்லத் தெளியுங்கள், டெல்கோவின் பக்கம் மட்டும் போகாமல். கசிவுள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் எஞ்சினின் சத்தம் மாறும். இல்லையென்றால் இரண்டடி ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மூட்டு மூட்டாக நகர்த்துங்கள். உஸ்ஸென்று கேட்கும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் துணி வைத்து நெரித்துப் பாருங்கள். எதை நெரித்தால் ஸ்லோ இறங்குகிறதோ அந்த வழியில் கசிவு.

கார்பரேட்டரிலேயே ஒரு கசிவு உண்டு, அதுதான் நீங்கள் எடைக்குப் போடும் பாவப்பட்ட எஸ்.யூ.க்களின் உண்மையான நோய். பட்டர்ஃபிளை தட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் பல லட்சம் முறை சுழன்று, தானும் தேய்ந்து, தன்னைத் தாங்கும் துளையையும் நீள்வட்டமாக்கிவிடும். ஸ்பிண்டிலின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் அதன் வழியே காற்று போகிறது. உறுதி செய்ய, எஞ்சின் ஓடும்போது ஸ்பிண்டில் முனையில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். எண்ணெய் அடைத்திருக்கும் சில நொடிகளுக்கு ஸ்லோ சட்டென்று மாறி, பிறகு பழையபடி ஆகும். தேய்ந்த துளையோடு எந்த ஸ்க்ரூவைத் திருகியும் ஸ்லோ நிலைக்காது; தட்டு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் மூடும். காலையில் வைத்த ஸ்லோ மாலையில் இல்லை என்று புலம்புகிறீர்களே, அது இதுதான். நல்ல லேத் பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கி, வெண்கல புஷ் அடித்து, புது ஸ்பிண்டில் போட்டுத் தருவார். அதோடு பட்டர்ஃபிளை தட்டை மையம் பார்த்துப் பூட்ட வேண்டும்: ஸ்க்ரூக்களைத் தளர்வாக வைத்து, தட்டை முழுக்க மூடி அது தானாக இடம் பிடித்த பிறகே இறுக்குவது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறைபோல் வெளிச்சம் ஒரு பக்கம் தெரிந்தால் மறுபடியும் செய்யச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

காற்றைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அடுத்தது டெல்கோ. பட்டறையில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று சொன்னால் முதலாளிக்கு மட்டும்தான் புரியும்.

டெல்கோவுக்குள், பிளாட்டினம் பாயிண்டுக்குக் கீழே, இரண்டு எடைகளும் அவற்றைப் பிடித்து வைக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எஞ்சின் வேகம் கூடக்கூட எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னே தள்ளும். ஸ்லோவில் அவை மூடியே இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ, ஸ்லோவிலேயே எடைகள் விரியத் தொடங்கும். தீப்பொறி முன்னேறுவதால் வேகம் கூடும். வேகம் கூடுவதால் எடைகள் இன்னும் விரியும். நீங்கள் ஸ்லோவைக் குறைத்தால், எடைகள் மூடிக்கொண்ட கணத்தில் வேகம் தடாலென்று விழுந்து எஞ்சின் அணையும். ஒன்று 1200, இல்லாவிட்டால் அணைதல். நடுவில் ஒரு இடமே கிடைக்காது. கார்பரேட்டரை ஏழு தடவை கழற்றிக் கழுவினாலும் தீராத கோளாறு இது. மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுழலும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால், பாதியில் நின்றால், அங்கே பிசின் பிடித்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் போய்விட்டது.

இதற்குக் கூட்டாளி ஒன்று இருக்கிறது. கார்பரேட்டரிலிருந்து டெல்கோவுக்குப் போகும் மெல்லிய குழாயின் துளை, பல கார்பரேட்டர்களில் பட்டர்ஃபிளை தட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். தட்டு சரியாக மூடியிருந்தால் துளையில் இழுவை இல்லை. யாரோ ஸ்லோவை ஸ்க்ரூவால் ஏற்றி வைத்திருந்தால், தட்டு மயிரிழை திறந்து அந்தத் துளை வாக்குவத்துக்குள் வந்துவிடும். டெல்கோ தீப்பொறியை முன்தள்ளும், வேகம் இன்னும் ஏறும். குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் பக்கத் துளையை விரலால் மூடிப் பாருங்கள். விரலில் இழுவை தெரிந்து, வண்டியின் வேகமும் இறங்கினால், தட்டு அதிகம் திறந்திருக்கிறது. டெல்கோவோடு இணைந்திருக்கும் அந்தக் குழாயின் கழற்றிய முனையை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். இழுவை நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது, அதுவும் ஒரு காற்றுக் கசிவுதான்.

பாயிண்ட் இடைவெளி லூகாஸ் வகை டெல்கோவில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தும் தீப்பொறி தாறுமாறாக விழுந்தால் டெல்கோ ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. டைமிங் லைட்டில் குறி ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளும்.

வால்வைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. டேப்பட் இடைவெளியை உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி வையுங்கள். ஸ்லோவில் ஓடும்போது ஒரு தாளைப் புகைக்குழாயின் வாயில் பிடித்தால் அது சீராக வெளியே படபடக்க வேண்டும். அவ்வப்போது உள்ளே இழுபட்டால் புகை வால்வு ஒன்று எரிந்திருக்கலாம். அதற்கு ஸ்லோவைச் சரிசெய்து பயனில்லை, ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன்பு சொன்ன வாக்குவம் கேஜை வாங்கியவர்கள் ஊட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அலற வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். அங்கே சென்னைக் கணக்கிலிருந்து ஏழு அங்குலம் குறைவாகக் காட்டினால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்பரேட்டர். எஸ்.யூ.வில் மேலே குடுவைக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கிக் காற்றின் வழியைத் தானே அளந்துகொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விழாமல் தயங்கினால் அழுக்கு, அல்லது அடியிலுள்ள ஜெட் மையம் விலகி ஊசியை உரசுகிறது. பெட்ரோலால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், பிஸ்டனும் குடுவையும் ஜோடியாகச் செய்யப்பட்டவை, ஒரு வண்டியின் குடுவையை இன்னொன்றுக்கு மாற்றவும் கூடாது. கலவை சரியா என்று பார்க்க, சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தூக்கியதும் திணறி அணைந்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி மறுபடி அமர்ந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். இவ்வளவு எளிதாகத் தன் நிலையைச் சொல்லிவிடும் வேறு கார்பரேட்டரை நான் பார்த்ததில்லை. அதைக் கழற்றி வீசுகிறீர்களே என்றுதான் ஆற்றாமை.

சோலெக்ஸில் ஸ்லோ ஜெட் அடைபடும். காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள். கலவை ஸ்க்ரூவை மெல்ல அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து அங்கிருந்து தொடங்குங்கள். அதன் கூர்முனையில் வளையம்போல் தடம் விழுந்திருந்தால் யாரோ பலம் காட்டியிருக்கிறார்கள். புதிது போடாமல் ஸ்லோ வராது. அடிப்பாகத்தை இரண்டு நட்டில் அளவுமீறி இறுக்கினால் அது வளைந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போதைய பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். 2022இல் 10 சதவீதத்தைத் தொட்ட எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும் என்றால், 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 கிலோ. அதாவது 1970களின் ஜெட் வழியே அதே அளவு எரிபொருள் போனாலும் கலவை மெலிந்துதான் இருக்கும். மெலிந்தால் ஸ்லோ தொங்கும், ஏறி இறங்கும். எஸ்.யூ.வில் ஜெட் நட்டை ஒரு பட்டை, தேவைப்பட்டால் இரண்டு பட்டை கீழே இறக்கிப் பிஸ்டன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃபிரமும் எத்தனாலுக்கு ஊறிப்போகும். அதற்கேற்ற ஹோஸ் மாற்றாமல் மற்ற வேலை எதையும் தொடங்காதீர்கள்.

எல்லாம் சரிபார்த்தபின் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சோக் முழுக்க உள்ளே இருக்க, ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடுங்கள். 600க்கும் 800க்கும் நடுவில் எங்கே எஞ்சின் அமைதியாக நிற்கிறதோ அங்கே விடுங்கள். ஸ்க்ரூவைத் திருகியும் ஸ்லோ நிலைக்கவில்லை என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் போட்ட அம்பாசிடர்காரர்கள் அளவுகளை விட்டுவிட்டுத் தேடும் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கார்பரேட்டரை மாற்றிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழையது இன்னும் வீட்டில் கிடந்தால் அதை விற்காதீர்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் நல்ல நிலையில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது. ஸ்பிண்டில் ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் லேத் பட்டறையில் கொடுத்து வாங்கி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய அம்பாசிடர்காரன்

பி.கு.: இந்த வேலைகளைச் செய்யும்போது தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிக்கியில் இல்லை, பக்கத்தில். வேட்டியையும் துப்பட்டாவையும் ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.